உந்தமும் இயக்க ஆற்றலும்: ஒரு பழைய வழக்கு

ஓடும் பொருளின் நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம். அதே நிறையைத் திசைவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் இயக்க ஆற்றல். இயற்பியலைப் புதிதாகப் படிக்கும் மாணவர் இங்கேதான் தடுமாறுகிறார்: ஓட்டம் ஒன்றுதானே, அதற்கு ஏன் இரண்டு அளவு? இந்தச் சந்தேகத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐரோப்பாவின் பேரறிஞர்கள் இதற்காகவே அரை நூற்றாண்டுக்கு மேல் அணி பிரிந்து சண்டையிட்டார்கள்.

முதல் அளவைப் பிரபலப்படுத்தியவர் பிரான்சின் தெக்கார்த். உலகிலுள்ள இயக்கத்தின் மொத்த அளவைக் கடவுள் மாறாமல் காக்கிறார் என்றும், பொருளின் பருமனை வேகத்தால் பெருக்கினால் அந்த அளவு கிடைக்கும் என்றும் 1644-இல் எழுதினார். ஆனால் திசையை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால், சிறிய பொருள் எவ்வளவு வேகமாக வந்து மோதினாலும் நிற்கும் பெரிய பொருள் அசையாது என்பது போன்ற விதிகளில் போய் முடிந்தார். லண்டன் ராயல் சொசைட்டி 1668-இல் மோதல் விதிகளை ஆராயச் சொன்னபோது வாலிஸ், ரென், ஹைஜென்ஸ் மூவரும் இதைச் சீர்செய்தார்கள். எதிர்த்திசைக்குக் கழித்தல் குறி இட்டால்தான் மொத்தம் மாறாமல் நிற்கிறது. மோதி முழுமையாக மீளும் பொருள்களில் நிறை, வேக வர்க்கம் இவற்றின் பெருக்கற்பலன்களைக் கூட்டினாலும் அந்தத் தொகை மாறுவதில்லை என்பதையும் ஹைஜென்ஸ் கண்டார்.

அந்த வர்க்கத்தைப் பிடித்துக்கொண்டு 1686-இல் வழக்கைத் தொடங்கியவர் லைப்னிட்ஸ். அவருடைய வாதம் எளிமையானது. ஒரு பங்கு எடையை நான்கு முழம் தூக்குவதும், நான்கு பங்கு எடையை ஒரு முழம் தூக்குவதும் சமமான உழைப்பு. அப்படியானால் இரண்டும் கீழே விழும்போது பெறும் வலிமையும் சமமாக இருக்க வேண்டும். கலிலியோவின் விதிப்படி நான்கு முழம் விழுந்தது இரு மடங்கு வேகம்தான் பெறும். தெக்கார்த்தின் கணக்கில் ஒன்றுக்கு 2, மற்றதற்கு 4. வேகத்தை வர்க்கமாக்கினால் இரண்டுக்குமே 4. இந்த அளவுக்கு அவர் உயிர்விசை என்ற பொருளில் லத்தீனில் பெயர் வைத்தார்.

எதிரணி காலத்தைக் காட்டி மறுத்தது. இரு மடங்கு வேகத்தில் மேலே எறிந்த கல் நான்கு மடங்கு உயரம் போகிறது, சரி. ஆனால் அதற்கு இரு மடங்கு நேரம் எடுக்கிறதே! அந்த நேரத்தையும் பார்த்தால் அதன் வலிமை இரு மடங்குதான் என்றார்கள். உண்மையில் விடை இந்த மறுப்புக்குள்ளேயே இருந்தது. விசை எவ்வளவு நேரம் செயல்பட்டது என்று பார்த்தால் உந்தம் கிடைக்கும். எவ்வளவு தூரம் செயல்பட்டது என்று பார்த்தால் வர்க்கம் வரும். வேகத்தை இரு மடங்காக்கிய பேருந்து அதே அழுத்தத்தில் பிரேக் பிடித்தால் நிற்க இரு மடங்கு நேரமும் நான்கு மடங்கு தூரமும் ஆகும். இரண்டு அணியும் ஒரே நிகழ்வைத்தான் வேறு வேறு கோலால் அளந்துகொண்டிருந்தன.

லெய்டனில் நியூட்டனின் ஆதரவாளராக இருந்த ஸ்க்ராவெசாண்டெ, மென்மையான களிமண்ணில் பித்தளைக் குண்டுகளைப் போட்டுப் பார்த்து 1722-இல் முடிவை வெளியிட்டார். பருமன் ஒத்து எடை வேறுபட்ட குண்டுகளை, எடைக்கு எதிர்விகிதத்தில் உயரத்தை மாற்றிப் போட்டபோது பள்ளங்கள் சமமாக அமைந்தன. வர்க்கக் கணக்குதான் ஒத்துவந்தது. அவர் அணி மாறினார். லண்டனில் சாமுவேல் கிளார்க் 1728-இல் வர்க்க அணியைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். பாரிசில் எமிலி து ஷாத்லே 1740-இல் வெளியிட்ட தம் இயற்பியல் நூலில் லைப்னிட்ஸ் பக்கம் நின்று, அறிவியல் கழகச் செயலாளர் மேரானோடு மோதினார். களிமண் சோதனையை அவரே செய்ததாகச் சிலர் எழுதுவது பொருந்தாது. ஸ்க்ராவெசாண்டெயின் முடிவை எடுத்துக்காட்டி வாதிட்டதே அவர் பங்கு.

இது வெறும் சொற்சண்டை என்று தலம்பேர் 1743-இல் ஒதுக்கித் தள்ளினார். பாதி நியாயம் அது. வர்க்க அளவுக்கு ஆற்றல் என்ற பெயரைத் தாமஸ் யங் 1807-இல் தந்தார். பாதியாக்கியது கொரியோலிஸ், விசையைத் தூரத்தால் பெருக்கி வரும் வேலைக்கு அது சரியாகச் சமமாக வேண்டும் என்பதற்காக 1829-இல் அப்படிச் செய்தார்.

களிமண்ணில் புதைந்த குண்டின் ஆற்றல் எங்கே போகிறது? பொருளின் நுண்துகள்களுக்குள் சிதறுகிறது என்று லைப்னிட்ஸ் ஊகித்திருந்தார். அதை அளந்து காட்டியவர் ஜூல். 772 பவுண்டு எடை ஓரடி இறங்கினால் ஒரு பவுண்டு நீரின் வெப்பநிலை ஒரு ஃபாரன்ஹீட் பாகை உயரும் என்று 1850-இல் அறிவித்தார். உந்தத்துக்கு இப்படி வெப்பமாக மாற வழியில்லை. அந்தக் குண்டின் உந்தம் களிமண் வழியாகப் பூமிக்குக் கைமாறுகிறது.