எபிசோட் 37: மணியோட ஒரு வாக்கிங், மா. கிருஷ்ணனோட ஒரு நோட்டுப் புத்தகம்

இந்த எபிசோட் நம்ம வழக்கமான ரூம்ல பதிவு பண்ணினது இல்ல. நெய்வேலி பக்கத்துல கம்மாபுரம், எங்க ஆயா வீட்டுத் திண்ணை. நடுவுல குரைக்கிற சத்தம் கேட்டா அது மணி. நாட்டு நாய், செவலை நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும்.

வீட்டிலிருந்தே வேலைன்னு ஆனதும் சில மாசம் இங்க வந்து தங்கினேன். காலையில 6 மணிக்கு மணியோட வயக்காட்டுப் பக்கம் ஒரு நடை. முதல் வாரம் காதுல இயர்போன், கையில போன். ஆனா நாய் நம்ம வேகத்துக்கு நடக்காது. பத்தடிக்கு ஒரு தடவை நின்னு மோப்பம் பிடிக்கும். அது நிக்கும்போது நமக்கும் வேற வேலை இல்ல, சுத்திப் பார்க்கத்தான் வேணும். அப்படித்தான் கரண்ட் கம்பியில உட்கார்ந்திருந்த பனங்காடையைப் பார்த்தேன். மாட்டுக்குப் பின்னாடியே போய்ப் பூச்சி பிடிக்கிற கரிச்சானைப் பார்த்தேன்.

ஏப்ரல்ல ஒரு நாள், அறுப்பு முடிஞ்சு காஞ்சு கிடந்த வயல்ல மணி இறங்கினதும் ரெண்டு பறவை கத்திக்கிட்டே அது தலைக்கு மேல பாய்ஞ்சது. ஆள்காட்டி. யார் வந்தாலும் ஊருக்கே காட்டிக்கொடுக்கும், அதனாலதான் அந்தப் பேர். கொஞ்சம் தள்ளி வெறும் தரையில, சின்னப் பள்ளத்துல நாலு முட்டை. மண்ணு நிறம், கரும்புள்ளி. காலை வைக்கிற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. வெயில் ஏறினா தாய்ப்பறவை வயித்து இறகைத் தண்ணியில நனைச்சுட்டு வந்து முட்டை மேல உட்காரும். மறுநாள்ல இருந்து மணியை அந்தப் பக்கம் கயிறு கட்டித்தான் கூட்டிட்டுப் போனேன். போன்ல ஒரு வரி எழுதினேன்: தேதி, எந்த வரப்பு, முட்டை நாலு.

இப்படி எழுதி வைக்கிறதையே வாழ்நாள் வேலையா வச்சிருந்த ஒருத்தர் தமிழ்நாட்டுல இருந்தார். மா. கிருஷ்ணன். 1912ல பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' நாவலை எழுதின அ. மாதவையாவோட கடைசிப் பிள்ளை. 1940கள்ல கர்நாடகத்துப் பக்கம் சந்தூர்ங்கிற குட்டி சமஸ்தானத்துல வேலை. வாத்தியார், நீதிபதி, மன்னரோட செயலாளர்னு எல்லா வேஷமும் போட்டிருக்கார். சமஸ்தானம் இந்தியாவோட இணைஞ்சதும் மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்பினார்.

1950ல 'தி ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில 'கன்ட்ரி நோட்புக்'னு ஒரு பத்தி ஆரம்பிச்சார். 1996 பிப்ரவரி 18, அவர் இறந்த நாள் வரைக்கும், 46 வருஷம் அது ஓடுச்சு. யானை, காட்டெருமை பத்தி எழுதினவர்தான், ஆனா காக்கா, அணில், பல்லி பத்தியும் அதே மரியாதையோட எழுதினார். அவர் தமிழ்ல எழுதின கட்டுரைகளை தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்'னு தொகுத்திருக்கார். இங்கிலீஷ் வேண்டாம்னா அங்க இருந்து ஆரம்பிங்க.

அவர் அந்தப் பத்தியை ஆரம்பிச்ச அதே பத்து வருஷத்துலதான் இந்தப் பக்கத்து நிலத்தோட கதை மாறுது. 1930கள்ல ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல கிணறு தோண்டும்போது கறுப்பா ஏதோ வந்தது. அதுதான் லிக்னைட், பழுப்பு நிலக்கரி. 1956ல என்.எல்.சி. உருவாச்சு. 1957 மே 20 அன்னைக்கு நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வச்சார். 1961 ஆகஸ்ட்ல முதல் லிக்னைட் படுகை வெளியே தெரிஞ்சது. 1962ல கரண்ட்.

இந்த வரலாறு தேதி வாரியா இருக்கு, அளவும் இருக்கு. ஒரு டன் லிக்னைட் எடுக்க சுமார் அஞ்சரை கன மீட்டர் மண்ணை அள்ளணும். கீழே அழுத்தத்தோட இருக்கிற நிலத்தடி நீரை விடாம இறைச்சுக்கிட்டே இருக்கணும், இல்லன்னா சுரங்கத்தோட தரையே பிளந்துக்கும். எனக்கும் இது பெருமைதான். தமிழ்நாட்டு வீடுகளுக்குப் போற கரண்ட்ல இந்த மண்ணுக்குப் பங்கு இருக்கு. ஆனா அள்ளின அந்த மண்ணு மேல 1956ல என்ன பறவை முட்டை வச்சதுன்னு கேட்டா? ஆயாவைக் கேட்டேன். "அதையெல்லாம் யாருப்பா எழுதி வச்சா"ன்னாங்க.

2023 ஜூலை கடைசியில வந்த வீடியோ ஞாபகம் இருக்கா? இங்கிருந்து ரொம்ப தூரமில்லாத வளையமாதேவியில, பரவனாறு மாற்றுக் கால்வாய்க்காக, பயிர் நின்ன நெல் வயல்ல பொக்லைன் இறங்குச்சு. விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னாங்க. நிலத்துக்குக் கணக்கு உண்டு, பயிருக்கு உண்டு, கிணத்துக்கும் மரத்துக்கும் உண்டு. ஆள்காட்டியோட பள்ளத்துக்கு அந்த டேபிள்ல காலமே கிடையாது. காலம் இல்லாத டேட்டா தொலைஞ்சாலும் எர்ரர் வராது. நம்ம வேலையில இருக்கறவங்களுக்கு இது நல்லாவே தெரியும்.

"அப்புறம் மரம் நடுறாங்களே"ன்னு கேட்கலாம். தோண்டிப் போட்ட மண்மேட்டுல மரம் நடுறாங்க, பச்சையாத்தான் இருக்கு. ஆனா வெறும் தரையில முட்டை வைக்கிற பறவைக்குக் காடு எதுக்கு? எந்த மண்ணுக்கு எந்த உயிர்னு பார்க்கணும்ங்கிறதுல கிருஷ்ணன் பிடிவாதக்காரர். வெளிநாட்டு மரங்களை நட்டுட்டு அதைப் பசுமைன்னு சொல்றது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. முன்னாடி அங்க என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தானே எதைத் திருப்பிக் கொண்டு வரணும்னு பேச முடியும்?

அதனால ஒரு வேண்டுகோள். நாய் இருந்தா நல்லது, இல்லன்னாலும் பரவால்ல. வேளச்சேரியோ, கோயம்புத்தூரோ, தினமும் ஒரே வழியில நடங்க. ஒரு நாளைக்கு ஒரு வரி: தேதி, இடம், என்ன பார்த்தீங்க. இந்தப் பறவை இங்க இருந்துச்சுன்னு நாளைக்கு ஒருத்தர் சொல்றதுக்கு அந்த வரி வேணும்.

அந்த நாலு முட்டை என்னாச்சுன்னா, 19வது நாள் போனப்ப பள்ளம் காலி. குஞ்சு பொரிச்சு நடந்து போயிருச்சா, கீரி தின்னுடுச்சா, எனக்குத் தெரியாது. மணி மட்டும் அந்த இடத்துல ரொம்ப நேரம் மோப்பம் பிடிச்சது. அதுக்குத் தெரிஞ்சிருக்கும். நான் எழுதினது இவ்வளவுதான்: பள்ளம் காலி, பறவை ரெண்டும் காணோம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.