பன்றி இருதயமும் தம்பூன் தந்த பாடமும்

யானைத் தலையை மனிதவுடலில் ஒட்டவைத்த ரண வைத்தியர் பண்டைக்காலத்தில் இருந்திருக்க வேண்டுமென்று 2014-ம் ஆண்டில் மும்பை ஆஸ்பத்திரி விழாவொன்றிற் பேசியவர் யாரோ ஒரு காலட்சேபக்காரர் அல்லர். இந்தியப் பிரதம மந்திரி நரேந்திர மோடி. பிள்ளையாரைக் கும்பிடுவோர் கும்பிடட்டும். அஃது அவரவர் மனம். ஆனால் வைத்தியர் சபையிலே புராணத்தைச் சரித்திரமாக்கினால் நாம் வாளாவிருத்தல் தகாது. விலங்கின் உறுப்பை மனிதனுக்குப் பொருத்தும் முயற்சிக்கு மெய்யான சரித்திரம் ஒன்று உண்டு.

1906-ல் பிரான்ஸ் தேசத்து ழபுலே என்னும் வைத்தியர் ஒருவர்க்குப் பன்றியின் சிறுநீரகத்தையும், மற்றொருவர்க்கு ஆட்டின் சிறுநீரகத்தையும் வைத்துப் பார்த்தார், பயனில்லை. 1963, 64-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ரீம்ட்ஸ்மா என்பார் 13 பேருக்குச் சிம்பன்ஸிக் குரங்கின் சிறுநீரகங்களைப் பொருத்தினார். பெரும்பாலானவை சில வாரங்களிற் கெட்டொழிந்தன. ஓர் ஆசிரியை மாத்திரம் 9 மாதம் வாழ்ந்தார். பன்றியின் உறுப்போ குரங்கினதைவிட விரைவிற் கெடும். அதன் நுண்ணறைகளின் மேலுள்ள ஒருவகைச் சர்க்கரைப் பொருளை நம் இரத்தம் பகையென்று கண்டு, சில நாழிகைக்குள் அவ்வுறுப்பை அழித்துவிடும்.

இவ்வளவும் தெரிந்திருந்த காலத்தில், 1997 ஜனவரி 1-ல், அஸ்ஸாமில் கௌஹாத்திக்கு அருகே சோனாபூரில் தனிராம் பரூவா என்னும் இருதய வைத்தியர், ஹாங்காங் வைத்தியர் ஒருவருடன் கூடி, 32 வயது நோயாளிக்குப் பன்றியின் இருதயத்தைப் பொருத்தினார். நோயாளி ஏழு நாள் உயிரோடிருந்தார். பின்பு 1994-ம் ஆண்டு உறுப்பு மாற்றச் சட்டப்படி வைத்தியர் இருவரும் சிறைப்பட்டு, 40 நாள் அடைபட்டுக் கிடந்தனர். தம்மை உலகம் மதிக்கவில்லை என்று பரூவா பிற்காலத்திலும் குறைபட்டார். துணிச்சல் அவரிடம் இருந்தது, ஐயமில்லை. பிற வைத்தியர் சோதித்தறியத்தக்க சான்று எங்கே? சான்றை மறைத்துவிட்டு வெற்றி கொண்டாடுவோருக்கும், யானைத் தலையைக் காட்டுவோருக்கும் நாம் பெரிய பேதம் காணவில்லை.

இனி, பன்றி என்றதும் முகஞ்சுளிக்கும் ஆசாரக்காரருக்கு ஒரு வார்த்தை. நமது தோட்டங்களில் நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொண்ட தாத்தா பாட்டிமாருக்குப் பல்லாண்டு காலம் கிடைத்த இன்சுலின், மாடு, பன்றி இவற்றின் கணையத்திலிருந்து எடுத்ததே. அதனால் எவர் குலம் கெட்டது? பன்றி இருதய ஆராய்ச்சியின் முன்னணியில் நிற்கும் முகம்மது மொஹியுத்தீன் என்பவரே கராச்சியிற் பிறந்த முஸ்லிம்.

தக்க ஆட்சேபம் வேறொன்று உண்டு. அது தீட்டு அன்று, கிருமி. இதற்குச் சான்று தேடச் சிலிபின் வாசிகள் கடல் கடக்க வேண்டுவதில்லை. 1998 செப்டம்பரில், ஈப்போவுக்கு மறுபுறம் தம்பூன், உலு பியா முதலிய இடங்களில் பன்றி வளர்ப்போர் மூளைக்காய்ச்சலால் வீழ்ந்தனர். அதிகாரிகள் இது கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டிப் புகையடித்தனர், தடுப்பூசி போட்டனர். நோயுற்றோர் பெரும்பாலும் குழந்தைகள் அல்லர், பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியோர். தடுப்பூசி போட்டுக்கொண்டவரும் மாண்டனர். கண்ணெதிரே நின்ற இச்சான்றுகளைப் பொருட்படுத்துவார் அரிதாயினர். இதற்கிடையே பன்றிகள் லாரியேறி நெகிரி செம்பிலானுக்குச் சென்றன. நோயும் உடன் சென்றது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்து சுவா காவ் பிங் கண்டறிந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. புதிய கிருமி அது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் தாவியது. சுங்கை நிபா கிராமத்தின் பெயரால் நிபா எனப்பட்டது. 265 பேர் நோயுற்றனர். 105 பேர் இறந்தனர். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

2022 ஜனவரி 7-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில், பத்து மரபணு மாற்றங்கள் செய்த பன்றியின் இருதயம் 57 வயதினர் ஒருவர்க்குப் பொருத்தப்பட்டது. பகைச் சர்க்கரை நீக்கப்பட்டிருந்தமையால் அது உடனே கெடவில்லை. ஏறத்தாழ இரண்டு மாதம் துடித்தது. பரூவா காலத்தில் இல்லாத வித்தை இது. எனினும், முன்சோதனைகளிற் சிக்காத பன்றிக் கிருமியொன்று அவ்விருதயத்தில் ஒளிந்திருந்ததைப் பின்னர்க் கண்டனர். கண்டதை மறைக்காது எழுதி வெளியிட்டனர். 2025-ல் அமெரிக்கர் ஒருவரிடம் பன்றிச் சிறுநீரகம் 271 நாள் வேலை செய்தது.

நீரிழிவு முற்றிச் சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தண்டை கிடப்போர் இல்லாத தோட்டக் குடும்பங்கள் நம்மிடை எத்தனை? இவ்வித்தை ஒருநாள் அவர்களிடமும் வரும். விலங்குறுப்பு பெற்றவர் ஆயுள் முழுதும் கிருமிச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்பது அமெரிக்க விதி. உடன் வாழ்வோரும் கவனிக்கப்படுவர். அந்தச் சம்மதப் பத்திரத்தைப் பால்மரம் வெட்டிய கிழவர் ஒருவருக்கு அவர் மொழியில் வரிவரியாய் விளக்கிச் சொல்லப் போவது யார் என்பதை நமது சங்கங்கள் இன்றே கேட்கட்டும்.