பாய்லர் கல்லும் கடலடிப் புகைபோக்கியும்

மெக்கானிக்கல் படித்தவனுக்குக் கடலடித் தாதுவில் என்ன வேலை என்று நம் செட் நண்பர்கள் சிரிக்கலாம். பாய்லரோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இந்தக் கதையில் கொஞ்சம் பாத்தியதை உண்டு. கேளுங்கள்.

1977-இல் 'ஆல்வின்' என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கலம் கலாபகோஸ் அருகே கண்டது வெதுவெதுப்பான ஊற்றுகளைத்தான். 1978-இல் மெக்சிகோவுக்கு அப்பால், பசிபிக் கடலடியில், 'சியானா' என்ற பிரெஞ்சுக் கலம் ஆறிப்போன சல்பைடுக் குவியல்களைப் பார்த்தது. 1979 ஏப்ரலில் ஆல்வின் அதே வட்டாரத்தில் இறங்கியது. ஆழம் சுமார் 2,600 மீட்டர். அங்கே கல் குழாய்களிலிருந்து கன்னங்கரேலென்று புகை! வெப்பமானியை நீட்டினால் அதன் பிளாஸ்டிக் பகுதி உருகிவிட்டது. பிறகு சரியாக அளந்ததில் ஏறக்குறைய 350 டிகிரி செல்சியஸ். கடலின் அழுத்தத்தால்தான் அந்த நீர் கொதிக்கவில்லை. 'புகை' என்பதும் புகையல்ல. குளிர்ந்த நீர் பட்டதும் பிரிந்து விழும் சல்பைடுத் துகள்கள்.

குழாய் எப்படி எழும்புகிறது? சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். கால்சியம் சல்பேட் நேர்மாறு. சூடு ஏற ஏறக் கரைய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பாய்லர் குழாயில் அது கல்லாகப் படிவதும் இதனால்தான். கடல்நீர் 150 டிகிரியைத் தாண்டினால் அன்ஹைட்ரைட் என்ற வடிவில் அதே சரக்கு படியும். அதுதான் வெளிச்சுவர். உள்ளே சால்கோபைரைட் என்ற செம்புத் தாது பிறகு பூசிக்கொள்ளும்.

சரி, இந்தக் கந்தகம் யார் வீட்டுச் சொத்து? கந்தக அணுக்களில் எடை 32, எடை 34 என்று இரண்டு ரகம் முக்கியம். பொது அளவுகோலோடு ஒப்பிட்டால், கடல்நீர் சல்பேட்டில் கனமான ரகம் ஆயிரத்துக்கு சுமார் 21 பங்கு கூடுதல். கடலடி எரிமலைப் பாறையில் கிட்டத்தட்ட பூஜ்யம். வெளிச்சுவரை அளந்தால் 21-ஐ ஒட்டி வருகிறது. உள்ளே உள்ள சல்பைடிலோ பெரும்பாலும் 5-க்குள்தான். ஆக, சுவர் கடல் கொடுத்தது; தாதுக் கந்தகத்தில் பெரும்பங்கு பாறை கொடுத்தது, கடல் கொஞ்சம் கலந்தது.

அடுப்பு அணைந்தால் அந்த வெளிச்சுவர் குளிர்ந்த நீரில் மெல்லக் கரைந்துவிடும். பாதிக் கதை போச்சு! எரியும்போதே படித்தாக வேண்டும். வெயிலே காணாத உயிர்க்கூட்டம் ஒன்று பிழைப்பதும் எரியும் ஊற்றை நம்பித்தான்.

2016-இல் இந்தியா சர்வதேசக் கடலடி ஆணையத்தோடு ஒப்பந்தம் செய்து, இந்தியப் பெருங்கடலில் 10,000 சதுர கி.மீ. பரப்பில் இத்தகைய சல்பைடுகளை ஆராயும் உரிமை பெற்றது. ஆராயத்தான்; வெட்டி எடுக்க அல்ல. தம்பி தங்கைகளே, வெட்டலாமா என்ற கேள்வி உங்கள் மேஜைக்கு வரக்கூடும். அன்று எத்தனை டன் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். ஊற்று உயிரோடு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.