விரிசலின் கதை – 9: துரைராஜாவின் கணக்கு

ஸ்கெனெக்டடி பிளந்தே விட்டது. சென்ற வாரம் போர்ட்லந்துக் கட்டுத்துறையில் நாம் விட்டு வந்த அந்த எண்ணெய்க் கப்பலுக்கு 1943 ஜனவரி 16 இரவு நேர்ந்தது அதுதான். புயல் இல்லை, அலைகூட இல்லை. வெள்ளோட்டம் முடிந்து சும்மா நின்ற கப்பல். குளிரில் அதன் எஃகு கண்ணாடியின் குணத்துக்கு மாறியிருந்தது. மேல்தளத்தில் தொடங்கிய விரிசல் இருபக்கமும் இறங்கி அடிவரை ஓடியது. வெடித்த சத்தம் ஒரு மைல் தூரத்துக்குக் கேட்டதாம்.

விரிசல் ஏன் நிற்காமல் ஓடுகிறது என்பதற்கான விடை அதற்கு 20 ஆண்டுகள் முன்பே அச்சில் இருந்தது. 1921-இல் கிரிஃபித் எழுதியது ஒரு வரவு செலவுக் கணக்கு: விரிசல் நீளும்போது பொருளுக்குள் அடைபட்டிருந்த ஆற்றல் விடுபடுகிறது, புதிய பரப்பு பிறக்க ஆற்றல் செலவாகிறது. வரவு மிஞ்சினால் விரிசல் ஓடும். எஃகுக்கு இந்தக் கணக்கைத் திருத்திய இர்வின் இன்னும் சில வாரம் காத்திருக்கட்டும். எனக்கு இப்போது மலைக்குப் போக வேண்டும்.

மாத்தளை நகரிலிருந்து அதிகத் தூரமில்லை யட்டவத்த. பெருமழையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாத்தளை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும்போது, இந்தப் பிரதேச செயலகப் பிரிவின் பெயரும் அடிக்கடி அதில் இருக்கும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் கவனம். 100 என்றால் வெளியேறத் தயார். 150 தாண்டினால் வெளியேற வேண்டியதுதான். நிலம் வெடிக்கிறதா, சுவரில் புதுக் கீறல் ஓடுகிறதா, மரம் சாய்கிறதா, தெளிந்த ஊற்று கலங்குகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். கப்பல் தராத அவகாசத்தை மலை தரும். தந்தும் பயனில்லாமல் போவதுண்டு. கொஸ்லந்தை மீரியபெத்தயில் 2014 அக்டோபர் 29 காலை லயன்களை மண் மூடியதை மலையகம் மறக்காது.

எஃகு பிளக்கிறது, மண்ணோ வழுக்கி, சுருங்கி, சில வேளை வீங்கி, உருக்குலைகிறது. இதற்கு ஆற்றல் கணக்கு எழுத முடியுமா?

அதை எழுதியவர் வடமராட்சிக் கம்பர்மலைக்காரர். 1934-இல் பிறந்த அழகையா துரைராஜா, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, கேம்பிரிட்ஜுக்கு ஆய்வு மாணவராகப் போனார். அங்கே மண் ஆய்வுகூடத்தை நடத்தியவர் கென்னத் ரோஸ்கோ. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் கைதியாக ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டு வந்தவர். கூடவே இளைஞர் ஆண்ட்ரூ ஸ்கோஃபீல்ட்.

துரைராஜா எடுத்தது கயோலின் என்னும் வெள்ளைக் களிமண். அதை உருளையாக்கி, ரப்பர் உறை மாட்டி, சுற்றிலும் நீரழுத்தம் கொடுத்து, மேலிருந்து நசுக்குவார்கள். மண்ணுக்குள் எவ்வளவு வேலை போனது, அதில் எவ்வளவு மீளும், எவ்வளவு தொலைந்தது? உள்நீரை வெளியேறவிட்ட சோதனைகளையும் விடாத சோதனைகளையும் அவர் சேர்த்துக் கணக்குப் பார்த்தார். இரண்டு வகையும் ஒரே விடைக்கு வந்தன. தொலைந்த ஆற்றல், மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் அழுத்தத்தையும் உருக்கோணலின் அளவையும் பெருக்கி, உராய்வுக்கான ஒரு மாறிலியால் மீண்டும் பெருக்கினால் வருவது. மண் சுருங்கியதா வீங்கியதா என்பதற்கு அந்தச் செலவில் இடமே இல்லை!

யட்டவத்தச் சரிவில் இரவெல்லாம் பெய்யும் மழை களவாடுவது இதில் வரும் அந்த அழுத்தத்தைத்தான். துகள்களுக்கு நடுவே நீரழுத்தம் ஏற ஏற, அவை ஒன்றையொன்று பற்றும் பிடி தளர்கிறது. மலையின் எடை அப்படியே இருக்கும். தாங்கும் உராய்வு மட்டும் கரையும்.

1963-இல் ‘ஜியோடெக்னிக்’ இதழில் ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா மூவரின் பெயரில் கட்டுரை வந்தது. அதிலிருந்து வளர்ந்த மாதிரிக்கு ‘கேம் கிளே’ என்று பெயர். கேம்பிரிட்ஜில் ஓடும் கேம் ஆற்றின் பெயர். ஆற்றுக்குக் கிடைத்த இடம் ஆளுக்குக் கிடைக்கவில்லை. நம்மவர்களும் அவரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவே அதிகம் அறிவார்கள். 1988 முதல் 1994 வரை, போரின் நடுவே, அவர் வகித்த அந்தப் பதவிக்குத் தனி அத்தியாயமே வேண்டும்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு முள் இருந்தது. அதிலிருந்து பிறந்த வளைவை வரைந்தால் ஒரு முனை கூராக நின்றது. எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தினால் களிமண் சுருங்க வேண்டும், கோணக் கூடாது. வளைவோ, கோணும் என்றது.

சோதனை பிழையா, கணக்கு பிழையா? 1968-இல் அந்தக் கூர்முனையைச் சீவி எறிந்த கட்டுரையில் முதல் பெயர் ரோஸ்கோவுடையதே. இரண்டாவது பெயர் துரைராஜாவுடையது அல்ல.

(தொடரும்)