1500 தடவை பம்ப் அடிக்கணும்!

எங்க தாத்தா பரணில் விட்டுட்டுப் போன ஏர் கன் ஒண்ணு இருக்கு. குழலை மடக்கி, ஸ்பிரிங்கை அமுக்கி, ஒரே ஒரு குண்டு போட்டுச் சுடற ரகம். மெரினாவில் பலூன் சுடுவோமே, அதோட பெரியப்பா மாதிரி வச்சுக்குங்க. போன மாசம் சுட்டுப் பார்த்தா, குண்டு குழலை விட்டு வெளியே வரவே யோசிக்குது. கழட்டிப் பார்த்தேன். பிஸ்டன் தலையில் இருக்கற தோல் வாஷர் காய்ஞ்சு, தொட்டதும் அப்பளமா நொறுங்கிடுச்சு. மத்ததெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. ஒரு துண்டுத் தோல் போனதில் மொத்தத் துப்பாக்கியும் இரும்புக் கம்பி ஆயிடுச்சு.

இந்தத் தோல் வாஷர் பிரச்சினை யார் யாரைப் படுத்தியிருக்குன்னு தேடப் போய்த்தான் ஜிராண்டோனி கதையில் விழுந்தேன். (ஆபீசில் ஆணி கம்மியான வாரம்!)

பார்த்தலோமியோ ஜிராண்டோனி, ஆஸ்திரியப் பேரரசின் டைரோல் பகுதிக்காரர். 1780 வாக்கில் இவர் செஞ்ச காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கிட்டது. பொம்மை இல்லீங்க, 0.46 அங்குல ஈயக் குண்டு, ஆளைக் கொல்ற ஆயுதம். அந்தக் காலத்து சிப்பாய், குழல் வாயில் வெடிமருந்து கொட்டி, குண்டு போட்டு, கம்பியால் இடிச்சு, நிமிஷத்துக்கு மூணு தடவை சுட்டா கெட்டிக்காரன். ஜிராண்டோனியில் குழலுக்குப் பக்கத்தில் ஒரு குழாய், அதில் 20க்கு மேல் குண்டுகள். துப்பாக்கியைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ச்சு, குறுக்கே இருக்கற கட்டையைத் தள்ளினா அடுத்த குண்டு தன் எடையிலேயே வந்து உட்காரும். படுத்துக்கிட்டே சுடலாம், புகை கிடையாது, தீப்பொறி கிடையாது.

காத்து எங்கேன்னு கேட்டா, தோளில் வைக்கற பின்கட்டையே காத்துத் தொட்டி. இரும்புத் தகட்டைச் சுருட்டி, ஆணி அடிச்சு, பித்தளை போட்டுப் பத்த வச்சது. உள்ளே சுமார் 800 பிஎஸ்ஐ அழுத்தம். நம்ம கார் டயரில் 32 இருக்கும், அதைப் போல 25 மடங்கு. 18ஆம் நூற்றாண்டுப் பட்டறையில் இதைச் செஞ்சிருக்கான்னா, அந்தக் கொல்லர் காலில் விழலாம்.

அப்புறம் ஏன் உலகமே இதுக்கு மாறலை? இந்த இடத்தில்தான் நம்ம சாஃப்ட்வேர் மக்களுக்கு நெஞ்சு வலிக்கும். தொட்டியை நிரப்ப கைப்பம்பை சுமார் 1500 தடவை அடிக்கணும். தோல் வளையங்கள் ஈரமா இருந்தாத்தான் காத்து நிக்கும், காய்ஞ்சா போச்சு. தகட்டில் சின்னப் பிளவு விட்டாலும் வேலைக்கு ஆகாது. பழுது பார்க்கத் தனியாப் பழகின ஆள் வேணும். டெமோ சூப்பர், சப்போர்ட் டீம் இல்லை. 1815 வாக்கில் ராணுவம் கைகழுவிடுச்சு. (பிடிபட்ட ஏர் கன் வீரர்களை நெப்போலியன் தூக்கில் போடச் சொன்னார்னு ஒரு கதை சுத்துது. ஆதாரத்தை யாரும் காட்டினதில்லை, நான் நம்பலை.)

ஆனா ஒரு ஜிராண்டோனி கடல் தாண்டி அமெரிக்கா போச்சு. மிசிசிப்பிக்கு மேற்கே பசிபிக் வரைக்கும் வழி தேடக் கிளம்பின மெரிவெதர் லூயிஸ் ஒரு ஏர் கன் வச்சிருந்தார். 1803 ஆகஸ்ட் 30, அவரோட பயணக் குறிப்பின் முதல் நாள். பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஒரு தீவில் நிறுத்தி ஏழு தடவை சுட்டுக் காட்டறார். வேடிக்கை பார்த்தவர் கையில் கொடுக்க, அவர் தெரியாமல் தட்டிவிட, 40 கஜம் தள்ளி நின்ன ஒரு பெண்ணின் தொப்பியைத் துளைச்சு நெற்றிப்பொட்டைக் கீறிடுச்சு குண்டு. நல்லவேளை, காயத்தோடு போச்சு.

அது பிலடெல்பியாவின் லூக்கன்ஸ் செஞ்ச ஒற்றைக்குண்டுத் துப்பாக்கின்னு ரொம்ப நாள் நம்பினாங்க. அதே 1803 செப்டம்பரில் லூயிஸைப் பார்த்த தாமஸ் ராட்னியின் நாட்குறிப்பில், ஒரு தடவை காத்தடைச்சா 22 தடவை சுட்டதுன்னு இருக்கு. ஜிராண்டோனி பக்கம் பெரும்பாலானவங்க சாய்ஞ்சது இதனாலதான்.

எனக்குப் பிடிச்ச ஆள் லூயிஸ் இல்லை, ஜான் ஷீல்ட்ஸ். குழுவில் கொல்லர் வேலை, துப்பாக்கி வேலை தெரிஞ்சவர். 1805 ஜூன் 10 அன்னிக்கு ஏர் கன்னோட மெயின் ஸ்பிரிங்கை இவர் மாத்திப் போடறார். நடுக்காட்டில், மிசௌரி ஆத்தங்கரையில்! கடையா இருக்கு, பார்ட்ஸ் வாங்க? ரெண்டு மாசம் கழிச்சு, ஆகஸ்ட் 7, குறிபார்க்கற அமைப்பு எங்கேயோ இடிபட்டுக் கழண்டுபோக, லூயிஸே சரி பண்ணி, சுட்டு, திருத்தி வைக்கறார்.

சரியா பத்து நாளில், ஆகஸ்ட் 17, ஷோஷோனி மக்களோட பேச்சுவார்த்தை. மலையைத் தாண்டணும்னா அவங்க குதிரைகள் வேணும். குளிர்காலத்துக்கு முன்னாடி கிடைக்கலைன்னா பயணமே அம்பேல். அன்னிக்கு லூயிஸ் ஏர் கன்னைச் சுட்டுக் காட்டினார். புகையும் இல்லாம சத்தமும் பெரிசா இல்லாம குண்டு பாயறதைப் பார்த்து, இது மந்திர சக்தின்னு அவங்க முடிவு பண்ணினதா எழுதறார். குதிரை கிடைச்சதுக்குக் காரணம் துப்பாக்கின்னு நான் சொல்ல வரலை. தலைவர் கமியாவெயிட், குழுவில் மொழிபெயர்த்த சகாகவேயாவின் கூடப்பிறந்தவரா இருந்ததுதான் பெரிய அதிர்ஷ்டம். ஆனா அந்த நாளில் டிரிக்கரை இழுத்து, புஸ்ஸுனு போயிருந்தா?

திரும்பி வந்தப்புறம் 1807இல் போர்த்துறைக்கு எழுதின கடிதத்தில் லூயிஸ், துப்பாக்கிகளைப் பழுது பார்த்ததில் ஷீல்ட்ஸ் திறமை மாதிரி உதவினது வேறெதுவும் இல்லைன்னு சொல்லி, கைவினைஞர்னு கணக்கில் வச்சு ஏதாவது கூடக் கொடுத்தா அவர் அதுக்குத் தகுதியானவர்னு சிபாரிசு பண்ணியிருக்கார். ரெண்டே வருஷத்தில், 1809இல், ஷீல்ட்ஸ் போய்ச் சேர்ந்துட்டார்.

என் வாஷர் கதை? தெருமுனையில் செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட பழசைக் காட்டினேன். நொறுங்கின துண்டுகளைச் சேர்த்து அளந்து, பெல்ட் தோலில் ஒண்ணு வெட்டிக் கொடுத்து, "எண்ணெய்ல ஊறப் போட்டு மாட்டுங்க தம்பி"ன்னார். எதுக்குன்னு கேக்கக்கூட இல்லை. இன்னும் கிண்ணத்தில் ஊறிக்கிட்டிருக்கு.