கோதுமைக்கு இரண்டு வழி

அமெரிக்காவிலிருந்து வந்திருந்த சிநேகிதர் ஒருவர் ஒரு புட்டியை மேஜை மேல் வைத்து, "சாப்பிட்டுப் பார்த்து உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள், சார்" என்றார். விஸ்கிதான், ஆனால் முழுக்க முழுக்கக் கோதுமையில் வடித்தது. அந்த நாட்டில் பெருவழக்கு மக்காச்சோளத்தில் வடிக்கும் பர்பன். ரை என்ற தானியத்திலும் வடிப்பார்கள். கோதுமை விஸ்கி அபூர்வம். அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ள, தானியத்தில் நூற்றுக்கு 51 பங்காவது கோதுமை இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில் அது கிடந்திருக்க வேண்டும். இது அவர்கள் சட்டம்.

கொஞ்சம் ஊற்றி முகர்ந்து பார்த்தேன். முதலில் மரத்தின் மணம். பிறகு வெனிலா, காய்ச்சிய சர்க்கரைப் பாகு. எல்லாவற்றுக்கும் பின்னால், அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியின் வாசனை. ரை விஸ்கி மிளகைப் போல் நாக்கைக் கடிக்கும். மக்காச்சோளம் கொழுப்பாக இனிக்கும். இது இரண்டும் இல்லை. சாதுவான சரக்கு. தான் அடங்கிக்கொண்டு பீப்பாயைப் பேசவிட்டிருந்தது. வயதுதான் போதாது, தொண்டையைத் தாண்டியதும் ருசி நிற்கவில்லை.

இவ்வளவு சாதுவான பானம் ஏன் அபூர்வமாயிற்று? சரித்திரத்தைப் புரட்டினால் விடை கிடைக்கிறது.

ஜார்ஜ் வாஷிங்டன் தம் மவுண்ட் வெர்னன் பண்ணையில், 1760களில், புகையிலையை விட்டுக் கோதுமைக்கு மாறினார். அவருடைய ஆலையில் அரைத்த மாவு மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறியது. 1797-ல், பண்ணையை மேற்பார்த்த ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் யோசனைப்படி அங்கே விஸ்கியும் வடிக்கத் தொடங்கினார்கள். 1799-ல் மட்டும் ஏறக்குறைய 11,000 காலன்! ஊறலில் 60 பங்கு ரை, 35 பங்கு மக்காச்சோளம், 5 பங்கு முளைகட்டிய பார்லி. கோதுமை மாவாலைக்கு, ரை வாலைக்கு. அந்த வாலையின் வெக்கையில் நின்றவர்கள் ஹான்சன், பீட்டர், நாட், டேனியல், ஜேம்ஸ், திமோத்தி என்ற ஆறு அடிமைகள். லாபம் எஜமானருக்கு.

அலெகேனி மலைகளுக்கு அப்பாலிருந்த சிறு விவசாயிக்கோ விஸ்கி லாபமல்ல, பிழைப்பு. பொதிகுதிரை ஒன்று 4 புஷல் தானியம்தான் சுமக்கும். அதையே விஸ்கியாக்கினால் 24 புஷல் தானியத்துக்குச் சமமான சரக்கைச் சுமக்கும் என்று கணக்குச் சொல்வார்கள். அந்த விஸ்கியின் மேல் 1791-ல் வரி விழுந்தது. 1794-ல் கலகம் மூண்டது. அதை அடக்க ஏறக்குறைய 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டியவர் அதே வாஷிங்டன்தான். மூன்று வருஷம் கழித்து அவரே வடிசாலைக்காரர்! வரி 1802-ல் ரத்தாயிற்று.

மலைக்கு இப்புறமும் அப்புறமும் நியதி ஒன்றுதான். மாவாகி நல்ல விலைக்குப் போகிற தானியத்தை யாரும் வாலையில் போடமாட்டார்கள். சந்தைக்குப் போய்ச் சேராததும், குறைந்த விலைக்குப் போவதும்தான் சாராயமாகும்.

1917-ல், முதல் உலக யுத்தத்தின்போது, உணவுத் தானியத்தில் சாராயம் வடிப்பதையே அமெரிக்கா சட்டத்தால் தடுத்தது. கோதுமை சாப்பிடாத நாட்களைக் குடும்பங்கள் அனுஷ்டித்தன. 1920-ல் பூரண மதுவிலக்கே வந்து 1933 வரை நீடித்தது. பிறகு 1950களில், கென்டக்கியில் 'மேக்கர்ஸ் மார்க்' விஸ்கியைத் தொடங்கிய பில் சாமுவேல்ஸ் தம் பர்பனில் ரையை நீக்கிக் கோதுமையைச் சேர்த்தார். விஸ்கி பக்குவமாக வருஷக்கணக்கில் ஆகுமே என்று, பல தானியக் கலவைகளில் ரொட்டி சுட்டுத் தின்றுபார்த்து முடிவு செய்தார்களாம். நிஜமோ கதையோ, மதுவின் குணத்தை ரொட்டியிடம் விசாரித்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

கோதுமையே முதன்மையான விஸ்கியை 2005-ல் கென்டக்கியின் ஹெவன் ஹில் வெளியிட்டது. 2007-ல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரில் 'டிரை ஃப்ளை' என்ற சிறிய வடிசாலை தோன்றியது. சுற்றுப்புறமெல்லாம் கோதுமை வயல். மறு வருஷம் அந்த மாநிலம், உள்ளூர் விளைச்சலைப் பாதியாவது பயன்படுத்தும் சிறு வடிசாலைகளுக்காகத் தனிச் சட்டமே செய்தது. ரொட்டிக்குப் போய் மிஞ்சிய கோதுமை இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். நான் ருசித்த மென்மை, செழிப்பின் மென்மை.

அமெரிக்கக் கோதுமையை நான் முதலில் ருசித்தது புட்டியில் அல்ல. 1956-ல் செய்த ஒப்பந்தத்தின்படி அது கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்தது. 1966-ன் பஞ்ச காலத்தில் இன்னும் அதிகமாக வந்தது. நான் அப்போது சிறுவன். ரேஷன் கடை வரிசையில் பையோடு நிற்பேன். அரிசிச் சோற்றுக்கே பழகிய எங்கள் அம்மா அந்தக் கோதுமையை உடைத்துக் கஞ்சி காய்ச்சுவாள். நாங்கள் முகம் சுளிப்போம். அவள் ஒன்றும் சொல்லாமல் எங்களுக்குப் போட்டுவிட்டு, மிச்சமிருந்தால் குடிப்பாள்.

"என்ன சார், எப்படி?" என்றார் சிநேகிதர்.

"நல்ல சரக்கு. இன்னும் நாலு வருஷம் பீப்பாயில் கிடந்திருக்கலாம்" என்றேன்.

அந்த ரொட்டி வாசனையைப் பற்றி மட்டும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.