மைக்செட்டில் கேட்கும் முனகல்: ஒலிபெருக்கி இரைச்சலின் வரலாறு

ஒலிபெருக்கி முனகல் என்பது, மேடையில் யாரும் பேசாமலும் பாடாமலும் இருக்கும்போதே ஒலிபெருக்கியிலிருந்து விடாமல் கேட்கும் தாழ்ந்த ஒலியாகும். மைக்செட் தொழிலில் இருப்போர் இதனை 'ஹம்மிங்' என்பர். இதனோடு சேர்த்துப் பேசப்படுவது 'கர்ர்' என்ற கூர்மையான இரைச்சல். இரண்டும் பெரும்பாலும் மின்சாரத்திலிருந்து பிறப்பவை என்றாலும் வழிகள் வேறு. தஞ்சாவூர் – திருச்சிராப்பள்ளி ரயில் பாதையிலுள்ள பூதலூர் போன்ற ஊர்களில் திருமண மண்டபம், கோயில் திருவிழாப் பந்தல், பள்ளி ஆண்டு விழா என எங்கும் இதனைக் கேட்கலாம். இதனை நிறுத்துவதற்கு வழக்கமாகச் செய்யப்படும் ஒரு குறுக்குவழி ஆளைக் கொல்லக்கூடியது. ஆகவே இது வெறும் காது சம்பந்தப்பட்ட செய்தி அன்று.

சுருதியும் முனகலும்

இந்தியாவில் மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 50 முறை சுழல்கிறது. ஆம்ப்ளிபயருக்குள் அது நேர்த்திசை மின்சாரமாக மாற்றப்படும்போது எழும் அலை இரட்டித்து 100 ஆகிறது. ஆகவே ஆம்ப்ளிபயரின் பழைய கண்டென்சர்கள் பழுதானால் 100 ஹெர்ட்ஸ் முனகலும், வெளியிலிருந்து வயர் வழியே மின்சாரம் கலந்தால் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கேட்கும். காது பழகியவர் இந்த வேறுபாட்டைக் கொண்டே பழுது இருக்கும் இடத்தை ஓரளவு ஊகித்துவிடுவார்.

கர்நாடக இசைக்கு இது தனித் தொல்லை. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் தம்புராவில் பஞ்சமத் தந்தி சுமார் 98 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். முனகலோ 100. இரண்டும் சேரும்போது நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். பஞ்சமத்துக்கு மிக அருகில், ஆனால் பஞ்சமமாக இல்லாத ஒரு சுரம் கச்சேரி முழுதும் நிற்கிறது! அமெரிக்காவில் மின்சாரம் 60 சுழற்சி. அங்கே முனகல் 120-இல் விழுவதால் இதே பாடகருக்கு இந்த மோதல் இல்லை.

தொலைபேசியில் தொடங்கிய கதை

இந்தச் சிக்கல் ஒலிபெருக்கியைவிட மூத்தது. தொடக்கக் காலத் தொலைபேசிகள் ஒரே கம்பியில் இயங்கின. திரும்பும் பாதையாக மண்ணையே பயன்படுத்தினர். தந்திக்கு அது போதுமானதாக இருந்தது. நகரங்களில் மின்விளக்கும் மின்சார டிராமும் வந்தபின் அவற்றின் மின்னோட்டமும் அதே மண்ணில் ஓடியது. தொலைபேசியில் இரைச்சல் புகுந்தது. சென்னையில் தொலைபேசி நிலையம் 1882-இலும் மின்சார டிராம் 1895-இலும் வந்தன. தீர்வாக உலகெங்கும் மண்ணை விட்டு இரண்டு கம்பிகளுக்கு மாறினர். அவ்விரண்டையும் முறுக்கிவிட்டால் வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி, மறுமுனையில் ஒன்றையொன்று அழித்துவிடும். அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இலேயே முறுக்கிய இணைக்கம்பிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். இன்று மேடையில் மூன்று பின் செருகியோடு ஓடும் மைக் வயரின் உள்ளேயும் இதே தத்துவம்தான் இருக்கிறது.

பேட்டரி காலம்

தமிழ் நாடக மேடையில் மைக் வருமுன் குரல்தான் ஒலிபெருக்கி. எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) போன்றோர் மிக உயர்ந்த சுருதியில் பாடியதற்குக் கடைசி வரிசையையும் எட்ட வேண்டிய தேவையும் ஒரு காரணம். விடுதலைப் போராட்டக் கூட்டங்களின் புகைப்படங்களில் தலைவர்களின் முன்னே காணப்படும் 'சிகாகோ ரேடியோ' என்ற பெயர், நானிக் மோட்வானியின் பம்பாய் நிறுவனத்துக்கு உரியது. பெயர்தான் சிகாகோ!

மேட்டூரில் அணை 1934-இலும் நீர்மின் நிலையம் 1937-இலும் வந்தன. ஆயினும் டெல்டாவின் சிற்றூர்களுக்கு மின்சாரம் பரவலாக வந்தது விடுதலைக்குப் பிறகே. அதுவரை மைக்செட் கார் பேட்டரியில் ஓடியது. வால்வுகளுக்குத் தேவையான உயர் மின்னழுத்தத்தைத் தர 'வைப்ரேட்டர்' என்ற படபடக்கும் தொடுமுனைக் கருவி இருந்தது. அதன் 'கர்ர்' கேட்டாலும் கேட்கும். மின்கம்பி வழி வரும் முனகலுக்கு மட்டும் இடமே இல்லை. 1940-இல் தொடங்கப்பட்ட அகுஜா நிறுவனத்தின் ஆம்ப்ளிபயர்கள் பலவற்றில் இன்றும் 12 வோல்ட் பேட்டரி இணைப்பு உண்டு. மின்வெட்டுக்காக வைத்த அந்த இணைப்பு நல்ல சோதனைக் கருவியும்கூட. பேட்டரிக்கு மாற்றியதும் முனகல் நின்றால், குற்றவாளி மைக் அன்று. மின்சார, எர்த் இணைப்புகளே.

குழாய் போய்ப் பெட்டி வந்தது

பழைய குழாய் ஒலிபெருக்கிகள் தாழ்ந்த ஒலிகளை அநேகமாகத் தருவதே இல்லை. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அவற்றின் திறன் வேகமாகக் குறையும். ஆகவே முனகல் இருந்தும் கேட்கவில்லை. பின்னர் மண்டபங்களில் 15 அங்குல ஸ்பீக்கர் வைத்த பெட்டிகள் வந்தன. கூம்பு வடிவ ஒலிபெருக்கிகள் மீதான கட்டுப்பாடும் அந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது. 'புது செட்டில்தான் ஹம்மிங் வருகிறது' என்ற குறை அப்போது எழுந்தது. உண்மையில் புதிய பெட்டி, பழைய வயரிங்கின் குறையை முதன்முறையாக வெளியே சொன்னது.

அதே காலத்தில் விளக்குகளும் மாறின. 1950-களின் இறுதியில் வந்த தைரிஸ்டரைக் கொண்ட மங்கலாக்கிகள் மின் அலையை நடுவில் வெட்டிப் பிரகாசத்தைக் குறைக்கின்றன. அந்த வெட்டே 'கர்ர்' ஒலியாக மைக் வயரில் ஏறுகிறது. மேடை விளக்கைக் குறைக்கும்போது இரைச்சல் மாறினால், ஒலிக் கருவிகளைத் திறந்து பார்ப்பது வீண் வேலை. மைக் வயரையும் விளக்கு வயரையும் ஒரே கட்டாகக் கட்டாமல் விலக்கிப் போட வேண்டும். கடக்க நேர்ந்தால் குறுக்காகக் கடக்க வேண்டும்.

எர்த் வளையம்

இன்றைய அரங்குகளில் முனகலுக்கு மிகப் பெரிய காரணம் இதுவே. மிக்சர் அரங்கின் பின்புறம் ஒரு பிளக்கில். ஆம்ப்ளிபயர் மேடையருகே இன்னொரு பிளக்கில். இரண்டுக்கும் தனித்தனி எர்த். நடுவே செல்லும் ஒலி வயரின் உறையும் அவ்விரண்டையும் இணைக்கிறது. இரு வயல்களின் நீர்மட்டம் ஒன்றாக இல்லாதபோது வரப்பை வெட்டினால் நீர் ஓடுவதுபோல, இரண்டு எர்த்துகளுக்கும் உள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு அந்த உறை வழியே மின்னோட்டமாக ஓடும். மைக் தரும் ஒலிக்குறிகை சில மில்லிவோல்ட் மட்டுமே என்பதால் இந்தச் சிறு வேறுபாடும் பெரிதாகக் கேட்கிறது. மடிக்கணினியையும் புரொஜெக்டரையும் இணைத்தவுடன் முனகல் தொடங்குவதற்கும் இதுவே காரணம்.

எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் முனகல் போய்விடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. கோடையில் வெடித்துக் கிடக்கும் களிமண்ணில் அப்படிச் செய்வது பாதுகாப்புக்கு அவசியமே. முனகல் அதனால் நிற்பது அரிது. எர்த் எவ்வளவு ஈரமாக இருந்தாலும் வளையம் வளையமாகவே இருக்கும்.

1995-இல் நீல் மன்சி என்ற ஒலிப் பொறியாளர் இன்னொரு காரணத்தையும் எடுத்துக்காட்டினார். பல கருவிகளில் வயரின் உறையைத் தாங்கும் முதல் பின், இரும்புப் பெட்டியோடு இணைக்கப்படாமல் உள்ளிருக்கும் மின்சுற்றோடு இணைக்கப்பட்டிருந்தது. வெளியே நிற்க வேண்டிய இரைச்சலைத் தயாரிப்பாளரே வீட்டுக்குள் அழைத்துவிட்டார். ஒலிப் பொறியியல் கழகம் 2005-இல் இதற்கெனத் தனித் தரநிலை வெளியிட்டது.

வெட்டக்கூடாத வயர்

பிளக்கின் பெரிய பின்னைக் கழற்றினாலோ பச்சை வயரை வெட்டினாலோ வளையம் அறுந்து முனகல் நிற்கும். அவசரத்தில் பலர் செய்வது இதுதான். அதன்பின் கருவியில் மின்கசிவு ஏற்பட்டால், மின்சாரம் எர்த்துக்குப் போக வழியின்றி, இரும்பு மைக்கைப் பிடித்திருப்பவரின் உடல் வழியே போகும். 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டின் சுவான்சீ நகரில், 'ஸ்டோன் த குரோஸ்' குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். தை மாதப் பனியில் நனைந்த தரையில், செருப்பின்றி நின்று பாடும் நம் மேடைகளில் ஆபத்து இன்னும் அதிகம்.

முறையான வழி வேறு. முதலில் மிக்சரில் எல்லா வாய்க்கால்களையும் இறக்கி, ஒவ்வொன்றாக ஏற்றி, முனகல் எதில் வருகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாம் இறங்கியும் கேட்டால் மிக்சருக்குப் பின்னால்தான் பழுது. அடுத்து, எல்லா ஒலிக் கருவிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். அப்படியும் தீராவிட்டால் ஒலி வயரின் நடுவே தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மரை வைக்கலாம். இரண்டு பக்கமும் கம்பித் தொடர்பின்றியே ஒலி கடந்துவிடும், பச்சை வயரும் தன் இடத்தில் இருக்கும்.